பெஞ்சின் பத்தாவது ஆட்டம்

04.08.1996 – கிளப்பில் சேர்ந்தது. வயது 23.
23.02.1997 – முதல் ஆட்டம். 90 நிமிடம். வாங்கிய கோல் 2.
09.12.2001 – 63 நிமிடம். மூடுபனி. கணக்கில் இல்லை.
05.03.2006 – ஒன்பதாவது ஆட்டம். 1 நிமிடம்.
17.05.2009 – கடைசி நாள். வயது 36.
பருவங்கள் 13. கிளப் ஆடிய லீக் ஆட்டங்கள் 442. பெஞ்சில் இருந்தது 421. காய்ச்சல், கல்யாணம், இதர காரணங்கள் 12. ஆடியது 9. நிமிடங்கள் 456. வாங்கிய கோல் 11. மஞ்சள் அட்டை 1.

எங்கள் கிளப்பின் இரண்டாவது கோல்கீப்பரைப் பற்றிப் பதிவேட்டில் இருந்தது இவ்வளவுதான். அந்தப் பதிவேட்டை முப்பத்தெட்டு வருடம் எழுதியவன் நான். எண்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இதை மட்டும் படிப்பவருக்கு, ஒரு மனிதர் பதின்மூன்று வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார் என்றுதான் தோன்றும். அவருடைய மச்சானுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆகவே மீதியையும் எழுதி வைக்கிறேன்.

அவரை எல்லோரும் பெஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். ரசிகர்கள் வைத்த பெயர். முதல் வருடம் கேலியாகச் சொன்னார்கள், இரண்டாம் வருடம் பழக்கத்தில் சொன்னார்கள், மூன்றாம் வருடத்திலிருந்து செல்லமாகச் சொன்னார்கள். தபால்காரர்கூட, "பெஞ்சு வீடு எது?" என்று கேட்டுத்தான் வந்தார்.

கிளப்புக்கு வருவதற்கு முன் அவருக்குப் பார்சல் கிடங்கில் வேலை. லாரியின் மேலே நிற்பவர் பெட்டியைத் தூக்கிப் போடுவார். கீழே நிற்கும் இவர் பிடித்து அடுக்க வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு பெட்டிதான் கைதவறியது. அதில் இருந்தது முகம் பார்க்கும் கண்ணாடி. "அதுவும் கீழ விழல, என் கால்லதான் விழுந்துச்சு" என்பார். கிடங்கு அணிக்கு அவர் கோல் காப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பயிற்சியாளர் கூட்டிவந்தார்.

வந்த நேரம்தான் சரியில்லை. அதே பருவத்தில் எங்கள் முதல் கோல்கீப்பராக இன்னொருவரும் வந்து சேர்ந்தார். ஆறடி மூன்று அங்குலம். அவருக்குத் தூண் என்று பெயர். பொருத்தமான பெயர்தான், தூணுக்குச் சளி பிடிப்பதில்லை, சுளுக்கு வருவதில்லை. எதிரணி ஆட்கள் ஓடிவந்து மோதுவார்கள். மோதியவர்களைத்தான் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவார்கள்.

ஒரு அணியில் மற்ற எந்த இடத்துக்கும் மாற்று ஆள் அடிக்கடி இறங்குவார். கால் களைக்கும், ஆட்டத்தின் போக்கு மாறும். கோல்கீப்பரை யாரும் மாற்றுவதில்லை. முதல் ஆள் விழுந்தால்தான் இரண்டாவது ஆளுக்கு வேலை. முதல் ஆளோ பெஞ்சுக்கு உயிர் நண்பர். எப்படி விழச்சொல்லி வேண்டிக்கொள்வது?

அப்படியானால் இரண்டாவது கோல்கீப்பர் என்ன செய்வார்? இதைத்தான் மச்சானும் கேட்டார். மச்சான் என்பது மனைவியின் தம்பி. ஃபர்னிச்சர் கடை வைத்திருந்தார், அதனால் உட்காருவதைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"மாமா, புதுசா ஒரு பெஞ்சு வந்திருக்கு. மெத்தை வெச்சது. உங்க தொழிலுக்கு ஏத்தது, சொல்லுங்க எடுத்து வெக்கிறேன்."

"நீ வித்துக்கோ மாப்ள. எனக்கு ஆபீஸ்லயே குடுத்திருக்காங்க."

உண்மையில் அவருக்கு ஓய்வே இல்லை. காலை எட்டு மணிக்குத் தூணுக்கு முன்னால் நின்று பந்தை உதைக்கத் தொடங்குவார்: தரையோடு ஐம்பது, இடுப்பு உயரம் ஐம்பது, தலைக்கு மேல் ஐம்பது. பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். இவருக்கு விழுவது இருபது இருபதுதான்; நேரம் முடிந்துவிடும். மதியம் எதிரணியின் பழைய ஆட்டங்களை வீடியோவில் பார்த்து, யார் பெனால்டி உதைக்கிறார்கள், எந்தப் பக்கம் உதைக்கிறார்கள் என்று ஒரு நீல நோட்டில் குறித்துக்கொள்வார். நான் பார்த்தவரையில், எனக்கு அடுத்தபடியாக அந்தக் கிளப்பில் ஒழுங்காகக் குறிப்பெழுதிய ஆள் அவர்தான். தேதி போட்டு எழுதுவார்.

அந்த நோட்டு தூணுக்காக. ஆனால் பெனால்டி கொடுக்கப்பட்ட பிறகு பெஞ்சிலிருந்து ஓடிப்போய்க் காட்ட முடியாது. ஆகவே ஒரு சைகை வைத்துக்கொண்டார்கள். வலது காதைத் தொட்டால் வலம், இடது காதைத் தொட்டால் இடம். 19.10.1997 அன்று முதல் சோதனை. பெஞ்சு வலது காதைத் தொட்டார். தூண் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து வலப்பக்கம் போனது.

உடைமாற்றும் அறையில் சத்தம் என் மேசை வரை கேட்டது.

"வலது காதுதானடா தொட்டேன்!"

"நீ என்னைப் பாத்து உக்காந்திருக்க. உன் வலது எனக்கு இடது."

"நான் உன் வலதைத்தான் சொன்னேன்."

"அதை உன் காதுல எழுதியா வெச்சிருக்க?"

இந்த வழக்கைத் தீர்த்து வைத்தவர் பெஞ்சின் மனைவி. மருந்துக்கடையில் வேலை செய்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மாத்திரை மாறாமல் கொடுத்துப் பழகியவர். கணவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாராம்.

"வலது இடதெல்லாம் எதுக்கு? வலதுன்னா எழுந்து நில்லுங்க, இடதுன்னா உக்காந்தே இருங்க. கண்ணு இருக்கிறவனுக்குப் புரியும்."

"நடுவுல உதைச்சா?"

"குனிஞ்சு ஷூ லேசைக் கட்டுங்க. அதையும் நான்தான் சொல்லணுமா?"

அதற்குப் பிறகு பன்னிரண்டு பருவங்களில் தூண் எதிர்கொண்ட பெனால்டி 58. சரியான பக்கம் பாய்ந்தது 41. தடுத்தது 17. தடுத்தவை எல்லாம் பதிவேட்டில் தூணின் பக்கத்தில் இருக்கின்றன. எழுந்து நின்றதற்கும் உட்கார்ந்திருந்ததற்கும் கட்டம் கிடையாது.

இனி பலகைக்கு வருகிறேன்.

எங்கள் மைதானத்தில் உடைமாற்றும் அறையிலிருந்து புல்தரைக்குப் போகும் நடைவழி இருபத்திரண்டு அடி நீளம். அதன் இடப்பக்கச் சுவரில் ஒரு நீண்ட மரப்பலகை. கிளப்புக்காகப் பத்து லீக் ஆட்டம் ஆடிய ஒவ்வொருவரின் பெயரும் அதில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதப்படும். ஒன்பது ஆடியவருக்கு இடமில்லை. பத்தாவதில் ஒரு நிமிடம் நின்றாலும் போதும். இந்த விதி எனக்கு முந்தியது. நான் அதைக் காத்தேன், அவ்வளவுதான். சரியாகப் பத்து ஆட்டம் ஆடிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேறு கிளப்புக்கு ஓடிப்போன ஓரத்து ஆட்டக்காரர் ஒருவரின் பெயர்கூட அதில் இருக்கிறது.

பெஞ்சின் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் மைதானத்துக்கு வந்தாள். அப்போதுதான் வேகமாக வாசிக்கக் கற்றிருந்தாள். பலகையில் இருந்த நூற்று நாற்பத்தேழு பெயரையும் ஒன்று விடாமல் உரக்க வாசித்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்க பேர் எங்கப்பா?"

"எழுதிட்டாங்கம்மா. இன்னும் பெயின்ட் காயல, அதான் தெரியல."

அவள் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் வருடத்துக்கு ஒருமுறையாவது, "பெயின்ட் காஞ்சிருச்சாப்பா?" என்று கேள்வி வரும். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் இவரும் இல்லை என்பார். பத்தாவது ஆட்டம் அவருக்கு எதற்கு என்று என்னிடம் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒன்பது வரை எப்படி வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூணுக்குச் சிவப்பு அட்டை விழுந்த தண்டனைகள் இரண்டு. தூணின் தங்கை கல்யாணம் ஒன்று. தூணே அப்பாவான நாள் ஒன்று. மீதி ஐந்தும் துண்டு துண்டாக வந்தவை. ஒன்பதாவது மிக நேர்த்தி: தொண்ணூறாவது நிமிடத்தில் தூணின் கண்ணில் ஏதோ பூச்சி விழுந்தது, பெஞ்சு உள்ளே ஓடினார், கையுறையைச் சரிசெய்தார், விசில் ஊதிவிட்டார்கள். பந்து இருந்த திசையைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஆட்டம் ஆட்டம்தான். ஒன்பது என்று எழுதினேன்.

அந்த ஒரு நிமிடம் ஆட்டம் என்றால், அறுபத்து மூன்று நிமிடம் ஆடியது ஏன் ஆட்டமில்லை? அதற்கு 09.12.2001க்குப் போக வேண்டும்.

அன்று தூணுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள். பதின்மூன்று வருடத்தில் அவர் உடம்பில் பழுதான ஒரே உறுப்பு அதுதான். பெஞ்சு இறங்கினார். இறங்கியதும் வழக்கப்படி தன் வேலையைச் செய்தார்: கோலின் நடுவில் நின்று, குதிகாலால் தரையைக் கீறி, முன்னோக்கி ஒரு கோடு இழுத்தார்.

கோல்கீப்பருக்குக் கோல் முதுகுப் பக்கம் இருக்கிறது. முன்னே வந்து நிற்கும்போது நடுவில்தான் நிற்கிறோமா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தினமும் ஆடுகிறவருக்கு உடம்பே சொல்லிவிடும். தூணுக்கு அப்படி. வருடத்துக்கு ஒரு முறை இறங்குகிறவருக்கு உடம்பு சொல்லாது; கீழே ஒரு கோடு வேண்டும். ஆனால் மைதானத்தில் தன்னிஷ்டத்துக்குக் கோடு போடுவது விதிப்படி குற்றம். பெரும்பாலான நடுவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள். அன்று வந்த நடுவர் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். நேராக வந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினார்.

"சார், இது சும்மா ஒரு கீறல் சார்."

"கீறல்னாலும் கோடுதான். இன்னொண்ணு இழுத்தா வெளியில."

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. பெஞ்சு எதிர்ப்பக்கக் கோலுக்குப் போனார். இனி கோடு இழுக்க முடியாது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது! எதிரணி கோல்கீப்பர் விவரமானவர். நடுவர் மைதானத்துக்குள் வருவதற்கு முன்பே இழுத்து வைத்திருந்தார். பெஞ்சுக்கு ஒரே மகிழ்ச்சி. அதன் மேலேயே நின்றுகொண்டார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று. அந்த எதிரணி ஆளுக்கு இடப்பக்கம் பாய வராது. அதனால் ஓரடி இடப்பக்கம் தள்ளியே நிற்பார், கோட்டையும் அப்படித்தான் இழுப்பார். நம் ஆள் அந்தக் கோட்டை நம்பி நின்றால் வலப்பக்கம் ஒரு கதவே திறந்து கிடக்கும். ஐம்பத்தெட்டாவது நிமிடம் எதிரணியின் ஸ்ட்ரைக்கர் சாதாரணமாக ஒரு பந்தை வலப்பக்கம் தட்டிவிட்டார். பெஞ்சு சரியாகத்தான் பாய்ந்தார். விரலுக்கும் பந்துக்கும் நடுவே ஓரடி. அடுத்தவர் இழுத்த அதே ஓரடி.

நான் அதைக் குறித்துக்கொண்டு தலை நிமிர்ந்தபோது எதிர்க்கோலைக் காணவில்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கியிருந்தது. அறுபத்து மூன்றாவது நிமிடம் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அரைமணி நேரம் பொறுத்தும் பனி விலகவில்லை. ஆட்டம் ரத்து, வேறொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டும்.

"கோல் போச்சு!" என்று பெஞ்சு நடைவழியில் குதித்தார். "என் கோல் போச்சு! பனிக்குக் கோயில் கட்டணும்டா!" அணியே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. என் மேசைக்கு வந்து, "ஐயா, நல்லா அழுத்தி அடிங்க" என்றார். சிவப்பு மையில் அந்த ஆட்டத்தின் வரியை அழுத்தியே அடித்தேன். மறு ஆட்டத்துக்குத் தூண் பல் இல்லாமல் வந்து நின்றார்.

2006இல் ஒன்பதைத் தொட்டபோதுதான் அவருக்கு அந்தப் பனி உறைத்தது. அதற்குப் பின் மூன்று பருவம். தூணுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"ஒரு நாள் உனக்கு ஒரு காய்ச்சல் வந்தா என்ன குறைஞ்சு போகும்?" என்று மசாஜ்காரர் தூணைக் கேட்பார்.

"வரமாட்டேங்குதே, நான் என்ன பண்ண? நேத்து ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து வெச்சுத்தான் தூங்கினேன்."

ஒருமுறை தூண் ஒரு வாரம் நொண்டினார். திங்கட்கிழமை இடது காலில் நொண்டினார். புதன்கிழமை மறந்துபோய் வலது காலில் நொண்டினார். பயிற்சியாளர் கவனிக்கவில்லை, பெஞ்சு கவனித்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"நேரா நடடா. பொய் நொண்டல்ல எனக்கு ஆட்டம் வேணாம்."

"பத்து ஆயிடும்ல."

"நீ நொண்டினதுன்னு பலகையில சேர்த்து எழுதுவாங்களா? நேரா நட."

2008-09 தான் இருவருக்கும் கடைசிப் பருவம். பயிற்சியாளர் வாக்குக் கொடுத்திருந்தார்: கடைசி ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் பெஞ்சுக்கு. மனைவி கடைக்கு விடுப்புப் போட்டார். பதினைந்து வயதாகிவிட்ட மகள் வந்தாள். மச்சான் ஃபர்னிச்சர் கடையைச் சாத்திவிட்டு வந்து, "நாற்காலியில உக்காந்து பாக்க மாட்டேன் மாமா, உங்க மரியாதைக்கு நின்னுக்கிட்டே பாக்கிறேன்" என்றார்.

ஆனால் அந்த ஆட்டம் மரியாதைக்கான ஆட்டமாக அமையவில்லை. தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். சமன் செய்தாலே தப்பிக்கலாம். எழுபத்தைந்து நிமிடம் வரை கோலில்லை. ஓர் ஆட்டத்தில் மூன்று பேரைத்தான் மாற்றலாம்; இரண்டு மாற்று ஆட்கள் இறங்கிவிட்டார்கள். மூன்றாவது இடம் பெஞ்சுக்கு. அவர் ஒரு கையில் உறையை மாட்டி, மற்றதைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தாறாவது நிமிடம் எங்கள் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. பயிற்சியாளர் பெஞ்சின் பக்கம் திரும்பினார். என் மேசைக்கும் அவர்களுக்கும் நடுவே ஆறடி; ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"பத்துப் பேரோட சமாளிச்சுக்கலாம். நீ ரெடியாகு."

"எதுக்கு சார்? கோல்ல ஆள் நல்லாத்தான நிக்கிறான். முன்னாடி தடுக்கத்தான ஆள் இல்ல."

"கடைசி ஆட்டம்டா உனக்கு."

"கிளப்புக்கும் அப்படி ஆயிடக் கூடாதுல்ல சார். அந்தத் தம்பியை அனுப்புங்க."

மாட்டிய உறையையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தோரு வயது தடுப்பாட்டக்காரர் உள்ளே ஓடினார். என் பதிவேட்டில் மூன்றாவது கட்டம் நிரம்பியது.

எண்பத்தொன்பதாவது நிமிடம் எங்களுக்கு எதிராகப் பெனால்டி. மைதானம் முழுக்க ஒரே கூச்சல். உதைக்க வந்தவர் நீல நோட்டில் இருபத்தாறாம் பக்கத்து ஆள்: ஏழு உதை, ஐந்து வலம், இரண்டு இடம். இடம் போன இரண்டும் கடைசி இரண்டு. இப்போது எது? தூண் இந்தப் பக்கம் பார்த்தார். பெஞ்சு உட்கார்ந்தே இருந்தார். நடுவர் விசிலை வாயில் வைத்தார். அப்போது எழுந்தார். மெதுவாக, முழு உயரத்துக்கு எழுந்து நின்றார்.

தூண் வலப்பக்கம் பாய்ந்தார். பந்து அவர் நெஞ்சில் வந்து விழுந்தது. நாங்கள் தப்பித்தோம்.

பிறகு கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "ஓடி வர்றதுக்கு முன்னாடி அவன் இடப்பக்கத்தை ரெண்டு தடவை பாத்தான் ஐயா. அங்க உதைக்கப் போறவன் அங்க பாக்க மாட்டான்."

அன்று மாலை என் மேசையில் கணக்கை முடித்தேன். ஆடியது 9. நடைவழியில் கையுறைப் பையோடு போனவர் பலகையின் பக்கம் திரும்பவில்லை. மகள் அன்று பெயின்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய தபால் உறை. அட்டை வாங்கும் வீரருக்கு லீக் அலுவலகம் வீட்டு விலாசத்துக்கு அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் அது. கணவரின் ஒரே அட்டை. சிரிப்பதற்காக எடுத்து வைத்திருந்தாராம். அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்தது.

"ஐயா, இதைக் கொஞ்சம் படிங்க. தேதியைப் பாருங்க."

09.12.2001. 'கோல் பகுதியில் குதிகாலால் கோடு கிழித்தமைக்காக.'

"ஆடவே இல்லன்னு நீங்க அடிச்சுட்டீங்க. ஆடாத ஆளுக்கு எப்படி அட்டை குடுத்தாங்க? பெஞ்சுல உக்காந்துக்கிட்டே கோல் வரைக்கும் காலை நீட்டினாரா?"

மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடும் கண். நான் என் பதிவேட்டைத் திறந்தேன். ஆட்டத்தை அடித்திருந்தேன். அட்டையை அடிக்கவில்லை, அடிக்கக் கூடாது என்பது லீக்கின் சுற்றறிக்கை. ஏழரை வருடமாக ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தன, நான் பார்க்கவில்லை. அதற்கு வேறு பெயர் கிடையாது, என் தவறு.

பெஞ்சைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஆட்டத்தைச் சேர்த்தா அந்தக் கோலும் சேருமே ஐயா."

"சேரும். பதினொன்று பன்னிரண்டாகும்."

"எழுதும்போது அதையும் சேர்த்தே எழுதுங்க. பாதி உண்மை வேணாம்."

03.06.2009 அன்று லீக் அலுவலகத்துக்கு முதல் கடிதம் போட்டேன். பதில் இரண்டு வரி: கைவிடப்பட்ட ஆட்டம் ஆட்டமாகாது, எவரும் அதில் ஆடியதாகக் கொள்ளப்பட மாட்டாது. 01.07.2009 அன்று இரண்டாவது கடிதம்: அப்படியானால் அந்த நாளில் கொடுத்த அட்டையைத் தயவுசெய்து ரத்து செய்யவும். பதில் ஒரு வரி: வழங்கப்பட்ட அட்டை எக்காரணம் கொண்டும் ரத்து செய்யப்படாது.

இந்த இரண்டு பதிலையும் ஒன்றாகக் குண்டூசி குத்தி, 30.07.2009 அன்று மூன்றாவது கடிதத்தை அனுப்பினேன். 'மேற்படி நாளில் மேற்படி வீரர் எங்கே நின்று கோடு கிழித்தார் என்பதைத் தெரிவிக்கவும். ஆடியதாக ஏற்றால், அன்று வாங்கிய கோலையும் தன் பெயரில் சேர்த்துக்கொள்ள அவர் சம்மதிக்கிறார்.' வேறு எதுவும் எழுதவில்லை.

அதற்குப் பின் லீக் அலுவலகம் நீண்ட நாள் வாய் திறக்கவில்லை. இதற்கிடையே பெஞ்சு பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையில் சேர்ந்தார். "இப்பவும் உக்காந்த இடத்துலதான் சம்பாத்தியம்" என்றார் மச்சான். தினமும் காலையில் என் வீட்டு வாசலில் பேருந்தின் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியே தலையை நீட்டுவார். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. பின்னால் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து எனக்குத் தலையை ஆட்டும்.

கடைசியில் வந்த பதில்தான் நீளமானது, ஒன்றரைப் பக்கம். குழு கூடி முடிவெடுத்ததாம். ஆட்டத்தின் முடிவு மறு ஆட்டத்தின் முடிவே. ஆயினும், அட்டை நிலைப்பதால், மைதானத்தில் நின்றவர்களின் பங்கேற்பும் நிலைக்கும். கோலும் நிலைக்கும். எங்கள் கிளப்பில் பன்னிரண்டு பேருடைய பக்கங்களைத் திருத்த எனக்கு நாலு நாள் ஆனது. பெஞ்சின் பக்கத்தில் இப்போது இருப்பது: ஆடியது 10, நிமிடங்கள் 519, வாங்கிய கோல் 12. அந்தப் பன்னிரண்டாவது கோலைப் போட்ட ஸ்ட்ரைக்கர் எங்கிருந்தோ எண் வாங்கி அவருக்குப் போன் செய்தார்: "கோல்கீப்பரே கோலைத் திருப்பிக் குடுத்து இப்பதான் பாக்கிறேன். நல்லா இருப்பா."

நூற்று அறுபத்தோராவது பெயராக எழுதினார்கள். பெயின்ட்காரர் ஏணியிலிருந்து இறங்கும்போதே மகள் விரலை நீட்டிவிட்டாள். இந்த முறை விரலில் மஞ்சள் ஒட்டியது. பெயரின் கடைசி எழுத்தில் அவள் விரல் ரேகை இன்னும் இருக்கிறது. பெயின்ட்காரர் திட்டினார். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பதிவேடு எழுதிய காலத்தில் ஒரு கறையை நான் விட்டுவைத்தது அது ஒன்றுதான்.

லீக்கின் கடிதத்தை அவருடைய பக்கத்தோடு சேர்த்து ஒட்டியிருக்கிறேன். மேல் மூலையில் வழக்கம்போல என் முத்திரை: வந்து சேர்ந்த நாள், வெள்ளிக்கிழமை, 18.09.2009.